வான் பாயும் சத்தம் மீனுக்கும் கேட்கும்

மாரி மழைக்கு நவகிரிக் குளம் வான் பாய்ந்தால் மண்டூர்–வெல்லாவெளி வீதியில் வெள்ளம் நிற்கும். அந்தப் புதுவெள்ளத்தை எதிர்த்துத்தான் கெளிறும் கெண்டையும் விராலும் ஓடை வழியே வயலுக்கு ஏறுகின்றன, முட்டையிட. கலங்கல் தண்ணீரில் சாண் தூரம் தெரியாது. எப்படி வழி பிடிக்கின்றன?

ஓட்டத்தின் இழுப்பும் நீரின் வாசமும் வழிகாட்டுகின்றன. ஒலிக்கும் பங்கு இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீற்றர் ஓடும், காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகம். கெளிறுக்கும் கெண்டைக்கும் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்ன எலும்புகள் கோத்திருக்கின்றன. பை அதிர்ந்தால் காது உணரும். அவுஸ்திரேலியப் பவளத்திட்டில் ஒலிபெருக்கி வைத்துத் திட்டின் இரைச்சலை ஒலிக்கவிட்டபோது, சத்தமில்லாத இடங்களைவிட அங்கே குஞ்சு மீன்கள் கூடுதலாக வந்தன என்று 2005இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஏறுமீனுக்கும் அது அப்படியே பொருந்துமா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் 1848இல் பிரித்தானிய அதிகாரி டெனன்ட் ஓடத்துப் பலகையில் காது வைத்து நீருக்குள் எழுந்த ஓசையைக் கேட்டது நம் மட்டக்களப்பு வாவியில்தான். நீருக்குள் ஓசை உண்டு என்பதை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கவலை வேறு. வான்கட்டிலும் மதகிலும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த இரைச்சல் மீனை அழைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வந்த மீனால் மேலே ஏற முடியாது. அடியில் குவிந்து துள்ளும்போது ஓடைக்குக் குறுக்கே தங்கூசி வலை காத்திருக்கிறது. சினை வயிற்றோடு அள்ளிவிடுகிறோம். வலை கட்டியவரை மட்டும் ஏசிப் பயனில்லை. சந்தையில் சினைக் கெளிறு கேட்டு வாங்குகிறவர்கள் நாம்தான். வயலுக்கு அடித்த கிருமிநாசினியை அதே ஓடையில் வடியவிடுவதும் நாம்தான்.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் பிரதேச செயலாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் வட்டவிதானைமாரும் கூடி விதைப்புக்கும் தண்ணீருக்கும் திகதி குறிக்கிறார்கள். மீனவர் சங்கத்தாருக்கும் அங்கே கதிரை போட வேண்டும். வான் பாயும் முதல் வாரம் ஓடை வாய்களில் குறுக்கு வலை கட்டுவதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளலாம். அந்த வாரம் திறந்த வாவியில் தொழில் செய்ய யாருக்கும் தடையில்லை. மதகு திருத்தும்போது கீழே கல் அடுக்கிச் சரிவு வைத்தால் மீனுக்கு ஏற வழியாகும். மருந்தடித்த வயல் நீரைச் சில நாள் மறித்து வைப்பது வட்டைக்காரர் பொறுப்பு. வரும் மாரிக் கூட்டத்திலேயே இவற்றை எடுத்துத் தீர்மானமாக எழுத வேண்டும்.