மிட் ஆன்ல யாரு நின்னது?

ஐ.பி.எல் சீசன் வந்துவிட்டால், எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் மேட்ச் ஷிஃப்ட்டுக்கு ஆள் தேட வேண்டாம். நானே கை தூக்கிவிடுவேன். ஓவருக்கு ஓவர் லைவ் அப்டேட், விக்கெட் விழுந்தால் ஒரு கார்டு, ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் முழு ரிப்போர்ட். வேகத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தேவிகாபுரத்திலிருந்து பெரியப்பா போன் பண்ணும் வரைக்கும்.

"கண்ணு, கடைசி ஓவர் எப்படிப் போச்சு, சொல்லு."

"லிங்க் அனுப்பியிருக்கேனே பெரியப்பா. பந்துக்குப் பந்து போட்டிருக்கேன்."

"அத்த எவன் படிக்கிறது? கையில நாடா இருக்குது. நீ சொல்லு."

சொன்னேன். இரண்டாவது பந்து ஃபோர். நாலாவது பந்தில் மிட் ஆனில் கேட்ச்சை விட்டார்கள். கடைசிப் பந்தில் சிங்கிள்.

"மிட் ஆனா, லாங் ஆனா? யாரு நின்னது? ஓடிவந்து புடிச்சாரா, நின்ன எடத்துலயே வுட்டாரா?"

எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு வரும் ஸ்கோர் ஃபீடில் அதெல்லாம் இருக்காது. டி.வி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால், நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நீ என்னாத்ததான் பார்த்த?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் ஊர் தேவிகாபுரம். ஆரணிப் பட்டு என்று நீங்கள் வாங்கும் சேலைகளில் பல, எங்கள் ஊர்த் தெருக்களில் நெய்தவை. பெரியநாயகி அம்மன் கோயில், மலைமேல் கனககிரீஸ்வரர், இறங்கி வந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டிலேயே நாலு தறி ஓடியது. பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பாக்கள். பெரியம்மா ராட்டையில் தார் சுற்றுவார். நடுவில் ஒரு ஆணியில் ரேடியோ தொங்கும்.

குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கால் இரண்டும் குழிக்குள் மிதிமேல் இருக்கும். கையில் நாடா. கண் பாவை விட்டு நகரக் கூடாது, ஓர் இழை அறுந்தாலும் உடனே பிணைக்க வேண்டும். காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு வாய்த்தது கிரிக்கெட் வர்ணனை. காலையில் ஆரம்பித்து, உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை என்று சாயங்காலம் வரைக்கும் போகும். ஐந்து நாள் டெஸ்ட், நெசவாளிக்காகவே கண்டுபிடித்த ஆட்டம் என்பது பெரியப்பாவின் கட்சி. "டி.வி கண்ணைக் கேக்குது. ரேடியோ காதை மட்டும்தான் கேக்குது" என்பார்.

மற்ற ஊர் மேட்ச் என்றால் அகில இந்திய வானொலியில் இங்கிலீஷும் இந்தியும் மாறி மாறி வரும். பெரியப்பாவுக்கு இந்தி எதிர்ப்பெல்லாம் கிரிக்கெட்டுக்குக் கிடையாது. 'ஏக் ரன்', 'சார் ரன்' வரைக்கும் அத்துப்படி. ஆனால், சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் தமிழ் வர்ணனை! சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் என்று பெயர்களைச் சொல்லும்போது, சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதைப் போலத்தான் பேசுவார். 2020 டிசம்பரில் அப்துல் ஜப்பார் காலமான செய்தியை நான் சொன்னபோது, அன்றைக்கு அரைநாள் தறியை நிறுத்தினார். ஒரு தடவைகூட முகத்தைப் பார்த்ததில்லை.

சேப்பாக்கத்தின் வரலாற்றைப் பெரியப்பாவிடம் கேட்டால் தேதியோடு வரும். முதலில் 1986 செப்டம்பர் 22. இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் கடைசி நாள். டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன அதே மேட்ச். இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போய்விட்டார். மணிந்தர் சிங், கிரெக் மேத்யூஸின் பந்தில் எல்.பி.டபிள்யூ. ஆட்டம் 'டை'. டெஸ்ட் வரலாற்றில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு அது இரண்டாவது.

"அது அவுட்டே இல்ல. பேட்ல பட்டுச்சு" என்பார், இன்றைக்கும். மணிந்தர் சிங்கும் அதையேதான் சொல்லிவருகிறார். ஆனால், பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"எனக்கு சத்தம் கேட்டுச்சே!"

நாலு தறி ஓடும் அறையில்.

அதற்கு அடுத்தது, 1999 ஜனவரி 31. இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரல் இறங்கும். பாகிஸ்தானோடு டெஸ்ட், நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. நெசவாளிக்கு லீவு என்றால் அமாவாசைதான், ஞாயிறு கணக்கில்லை. எல்லோரும் தறியில். இலக்கு 271. 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். மோங்கியா போன பிறகும் சச்சின் முதுகு வலியோடு அடித்தார். இன்னும் 17 ரன்தான். அப்போது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்து, 136-ல் அவுட். மிச்சம் இருந்த மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி.

"சச்சின் அவுட்டுன்னு சொன்ன நிமிஷம், காலு தன்னால மிதிச்சுடுச்சு கண்ணு. ஜக்கார்டுல அட்டை ஒண்ணு தாண்டிடுச்சு. பூவுல ஒரு வரி கோணல். நான் கவனிக்கவே இல்ல. ஒரு முழம் தாண்டினப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு."

அதைப் பிரித்து நெய்ய முடியாது. சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கூலியில் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் நாலு நாள் சண்டை. "அந்தச் சேலைய எந்த மகராசி கட்டினாளோ தெரியல. சச்சின் அவுட்டானது அவ மடியில இருக்குது" என்று இப்போது சிரிக்கிறார். அன்றைக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆனால், அந்த நாளைப் பற்றி அவர் எப்போதும் முடிக்கும் இடம் வேறு. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, சேப்பாக்கம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. "ரேடியோவுல கேட்டா நாம ஜெயிச்ச மாதிரியே இருந்துச்சு. தோத்தவன் வூட்டுல அப்படி ஒரு கைத்தட்டல் நான் அப்புறம் கேட்டதே இல்ல." 2008 டிசம்பரில் அதே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 387-ஐத் துரத்தி, சச்சின் 103 நாட் அவுட்டோடு ஜெயிக்கவைத்தார். "ஒன்பது வருஷம் கழிச்சு வட்டியும் முதலுமா கட்டிட்டான்" என்று கணக்கை முடித்துவிட்டார். கூலியில் பிடித்தது மட்டும் வரவில்லை.

இப்போதைய கிரிக்கெட்டைப் பற்றியும் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. இம்பாக்ட் பிளேயர் விதி அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "பாதி சேலைய ஒருத்தன் நெஞ்சுட்டு, மீதிக்கு இன்னொருத்தன் ஒக்காந்தா அடிக்கிற அடி மாறிடும், துணி காட்டிக்கொடுத்துடும்" என்பது அவர் வாதம். டாஸ் ஜெயித்தவன் எல்லாம் ஏன் முதலில் பந்து வீசுகிறான் என்பது இன்னொரு வருத்தம். ஸ்ரீகாந்துக்குப் பிறகு வந்த எல்லா தொடக்க ஆட்டக்காரர்களும் அவர் கண்ணுக்கு, இல்லை, காதுக்கு, ஸ்ரீகாந்தின் நகல்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், எப்படியோ இரண்டு டிக்கெட் கிடைத்து, பெரியப்பாவைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போனேன். ஐம்பது வருட ரசிகர், முதல் தடவையாக மைதானத்துக்கு வருகிறார். பச்சைப் புல்லையும் வெளிச்சத்தையும் பார்த்து மலைத்துப்போவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். "ரேடியோவுல இன்னும் பெருசா இருந்துச்சே" என்றார்.

ஐந்து ஓவர் போனது. ஒரே பாட்டுச் சத்தம், விசில். என் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஏன் கண்ணு, இங்க யாருமே என்னா நடக்குதுன்னு சொல்ல மாட்டாங்களா?"

அன்றைக்கு இதை ஆபீஸில் ஜோக்காகச் சொல்லிச் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது ஒரே தறி. இரண்டு சித்தப்பாக்களும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. தறியைப் பிரித்து, அந்தக் குழியை மூடி, மேலே டைல்ஸ் போட்டாகிவிட்டது. நான் டிப்ளமோ முடித்து இங்கே வந்துவிட்டேன். அந்த நாலு பேர் அறையில் பெரியப்பா தனியாக உட்கார்ந்து நெய்கிறார். கையும் காலும் கண்ணும் அப்போதைப் போலவே வேலையில் இருக்கின்றன. காதுக்குத்தான் ஒன்றும் இல்லை. பழைய ரேடியோ ரிப்பேர். போனில் மேட்ச் வைத்துக் கொடுத்தாலும், அது பார்க்கிறவர்களுக்காகப் பேசுகிற வர்ணனை. படம் எதிரில் இருக்கும்போது ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

1983 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேக்கு எதிராக, 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன பிறகு கபில்தேவ் 175 அடித்தார். அன்றைக்கு பி.பி.சி-யில் வேலைநிறுத்தம். அதனால், அந்த இன்னிங்ஸுக்கு வீடியோ பதிவே கிடையாது. அன்றைக்கு டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பெரியப்பாவுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. "அந்த ஒரு மேட்ச்சுல எல்லாரும் என்ன மாதிரிதான்" என்பார்.

அடுத்த மேட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பந்து போடும் முன்னால் தலை நிமிர்ந்து ஃபீல்டிங்கைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இரண்டு அப்டேட் லேட். சீனியர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்ததும் நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெய்துகொண்டிருந்தார். "டீப் மிட் விக்கெட்ல ஒருத்தர், லாங் ஆன் கொஞ்சம் நேரா நிக்கிறாரு, தேர்டு மேன் வட்டத்துக்குள்ள" என்று ஆரம்பித்தேன். பின்னால் தறிச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நாலாவது பந்தைச் சொல்லும்போது நின்றது. ஐந்தாவது பந்து முடிந்த பிறகுதான் திரும்பவும் ஓட ஆரம்பித்தது.

"பரவால்ல" என்றார். "கொஞ்சம் வேகமா சொல்ற. பந்து வீசுறவன் ஓடிவரானில்ல, அந்த நேரத்துல நீயும் மூச்சு வுட்டுக்கோ."

ஜர்னலிசம் வகுப்பில் யாரும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை.