புகையானுக்கு விருந்து வைப்பது யார்?

சம்பா நெல் பால் பிடிக்கும் பருவத்தில் விவசாயி பயப்படுவது புகையானுக்கு. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. தெரியும்போது வயல் நடுவே வட்டம் வட்டமாகத் தீய்ந்திருக்கும்.

யூரியாவை அள்ளி இறைத்த வயலில் பயிர் கருகருவென்று நிற்கும், தண்டு சாறேறி மெத்தென்றிருக்கும். புகையானுக்கு வேறென்ன வேண்டும்? பதறிப்போய் மருந்தடித்தால், புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாகிறது. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வெளிவரும்போது தடுக்க ஆளில்லை. பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானைப் பெருக்கும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது.

இந்தச் சுழலில் சிக்கிய இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. 1989க்குள் மருந்து மானியத்தையும் நிறுத்தி, விவசாயிகளுக்கு வயலிலேயே பள்ளி நடத்தியது. அரிசி உற்பத்தி சரியவில்லை. இலங்கையோ இயற்கை வேளாண்மைக்கு மாறவென்று 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, சில மாதங்களில் நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பரில் பின்வாங்கியது. மாற்று வழி தோற்றது என்று அதைக் காட்டுவோர் உண்டு. தோற்றது அவசரம்.

இங்கே விவசாயியைக் குறை சொல்வதும் சுலபம். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். கையில் காசு குறைந்தவர் எதைத் தூக்குவார்?

மாற்று ஒன்றும் மந்திரமல்ல. நடவுக்கு முன் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது. எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது இடைவெளி, விட்டு, தூரில் வெயிலும் காற்றும் படச் செய்வது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் யூரியா இடுவது. பசுந்தாள் உர விதைக்குத் தமிழக அரசு 2024–25இல் கொண்டுவந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் நல்ல தொடக்கம்.

ஆனால் மண் தேற வருடங்கள் ஆகும். நிலம் எடுத்து விரியும் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் பக்கம் அந்த வருடங்களுக்கு யார் உத்தரவாதம்? 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போது போகுமோ என்றிருப்பவரும், அடுத்த போகம் நிலம் கைமாறக்கூடிய குத்தகைக்காரரும் இந்தப் போகத்து மகசூலைத்தான் பார்ப்பார்கள். இயற்கை வேளாண்மைக்கு ஊக்கம் கொடுக்க நினைக்கும் அரசு, எந்த நிலம் இன்னும் பத்து வருடத்துக்கு எடுக்கப்படாது என்பதை ஊர் வாரியாக எழுத்தில் சொல்லட்டும். குத்தகைக்காரரின் பெயருக்கும் மானியம் போகட்டும்.