வரும்போது திறந்த படலை, போகும்போது பூட்டியது ஏன்?

யாழ்ப்பாணத்து வேலிக்கு ஒரு படலை உண்டு. அதன் வழியே வந்தவர் அதன் வழியே போவார். வருவோருக்குத் திறந்துவிட்டுப் போவோருக்குப் பூட்டிவைப்பது நம் நாட்டு வழக்கமன்று. ஆனால் கைத்தொலைபேசி வழியாக நம் வீடுகளுக்குள் புகுந்திருக்கும் திரைப்படச் சந்தா வாணிபம் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. சந்தாவிற் சேர ஒரு விரல் போதும். விலகவோ ஒரு மாலைப்பொழுதும் போதாது. சேரும் பொத்தான் தேர்த்திருவிழா விளக்குப்போல ஒளி வீசுகிறது. விலகும் பொத்தானோ பக்கத்தின் அடியில், மங்கிய எழுத்தில், ஒளிந்து கிடக்கிறது.

பொழுதுபோக்கைப் பற்றிய சில்லறைச் சங்கதி இது என்று தள்ளிவிடுவோர் சற்றுப் பொறுக்க. உரும்பிராயில் வெங்காயம் பயிரிடும் ஒரு கமக்காரரை எண்ணிக்கொள்வோம். பேரப்பிள்ளை விடுமுறைக்கு வந்தபோது, "ஒரு மாதம் இலவசம்" என்ற சொல்லை நம்பி, அவருடைய வங்கி அட்டையின் இலக்கத்தைத் தொலைபேசியிற் பதிந்துவிட்டுப் போகிறான். விடுமுறை முடிந்தது, பிள்ளையும் போய்விட்டான். படம் பார்ப்பார் எவருமில்லை. ஆயினும் மாதம் பிறந்ததும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டேயிருக்கிறது. மழை பெய்தாலும் போகிறது, பெய்யாவிட்டாலும் போகிறது. வெங்காயத்தின் விலை விழுந்தாலும் அது நிற்பதில்லை. இத்தகையோர் ஒருவரா, இருவரா? ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியரும், எழுதுவினைஞரும், வைத்தியரும் தத்தம் வங்கிக் கூற்றை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும், விடை கிடைக்கும்.

மௌனம் சம்மதமா?

"நீங்கள் வேண்டாமென்று சொல்லவில்லையே, ஆகவே வேண்டும் என்பதே பொருள்" என்பதுதான் இவ்வாணிபத்தின் அடிப்படை நியாயம். இந்த நியாயத்தைச் சட்டம் எப்போதோ குப்பையில் எறிந்துவிட்டது. 1862இல் இங்கிலாந்து நீதிமன்றத்தின் முன் ஒரு குதிரை வழக்கு வந்தது. மருமகனுடைய குதிரைக்கு விலை குறித்த மாமன், பதில் வராவிட்டால் குதிரை தனக்கே உரியதென்று கருதுவதாக எழுதினார். மருமகன் பதில் எழுதவில்லை. ஒப்பந்தம் உண்டாயிற்றா? இல்லை என்றது நீதிமன்றம். ஒருவருடைய மௌனத்தைப் பிடித்து அவர்மேல் கடப்பாட்டைச் சுமத்த இயலாது என்ற கோட்பாட்டைச் சட்டக் கல்லூரியின் முதலாண்டு மாணவனும் இந்த வழக்கிலிருந்தே படிக்கிறான்.

கம்பெனிகளின் நியாயவாதிகள் உடனே எழுந்து மறுமொழி கூறுவர்: "முதல் நாளில் ஒப்புக்கொண்டீர்களே, மாதந்தோறும் புதுப்பிக்கலாம் என்றும், வேண்டாதபோது விலகலாம் என்றும் நிபந்தனையில் உள்ளதே!" ஆம், உள்ளது; நாமும் அதையே பிடித்துக்கொள்கிறோம். வேண்டாதபோது விலகலாம் என்பது ஒப்பந்தம் தந்த உரிமை. தந்த உரிமையைப் பயன்படுத்த முடியாதபடி வழியில் முள்ளை வெட்டிப் போடுவது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதாகுமா? ஒற்றி வைத்த காணியை மீட்கப் பணத்துடன் வருகிறான் உரியவன். ஒற்றி பிடித்தவன், "முதலில் உள்வளவுக்கு வா, பிறகு வெளிவளவுக்குப் போ, இன்னும் மூன்று முறை யோசித்துவிட்டு வா, உறுதியை எங்கே வைத்தேனென்று நீயே தேடிப் பார்" என்று அலைக்கழித்தால் ஊர் பொறுக்குமா? ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை முதல் இன்றுவரை ஒற்றியின் உயிர்நிலை மீட்பே. மீட்க முடியாத ஒற்றி, ஒற்றியன்று, அபகரிப்பு. விலக முடியாத சந்தாவும் அத்தகையதே.

காவியத்தின் பெயரில் ஒரு கண்ணி

இந்த அலைக்கழிப்புத் தற்செயலாக நேர்ந்ததா? அன்று, திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அமேசான் கம்பெனி, திரைப்படங்களையும் உள்ளடக்கிய தன் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் வழிக்குத் தன் அலுவலகத்துள் வைத்த பெயர் "இலியட்". பத்தாண்டு நீண்ட துரோய்ப் போரைப் பாடிய கிரேக்கக் காவியத்தின் பெயர் அது! 2023 ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு தாக்கல் செய்த வழக்கில் இது கூறப்பட்டது. நான்கு பக்கம், ஆறு அழுத்தம், பதினைந்து தெரிவு: இத்தனையையும் கடந்தால்தான் விடுதலை என்பது ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. 2025 செப்டெம்பரில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. நூறு கோடி டொலர் தண்டப்பணமாகவும், நூற்றைம்பது கோடி டொலர் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கவும் கம்பெனி இசைந்தது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுகிறோம். ஆனால் குற்றமற்றவர் 250 கோடி டொலரை எண்ணி வைப்பாரா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இதனினும் பெரிய சாட்சி ஒன்று உண்டு. நோர்வே நாட்டுப் பாவனையாளர் மன்றம் 2021இல் இதே முறையை அம்பலப்படுத்தி முறையிட்டது. ஐரோப்பிய ஆணைக்குழு தலையிட்டது. 2022 ஜூலையில், இரண்டே அழுத்தத்தில் விலக வழி செய்வதாக ஐரோப்பாவுக்கு மட்டும் அதே கம்பெனி வாக்களித்தது. கம்பெனி ஒன்று, சந்தாவும் ஒன்று. சட்டம் விழித்திருந்த நாட்டில் இரண்டு அழுத்தம்; விழிக்காத நாட்டில் இலியட் காவியம்! ஆகவே, விலகும் வழி சிக்கலானது என்பது பொறியியலின் குறையன்று. ஆட்சியாளரின் உறக்கமே என்பது இதனால் வெட்டவெளிச்சமாகவில்லையா?

ஜேர்மனியில் வாழும் நம் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் விற்கப்படும் தொடர் ஒப்பந்தங்களுக்கு எளிதிற் காணத்தக்க விலகற் பொத்தான் இருக்கவேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் 2022 ஜூலை 1 முதல் கட்டளையிடுகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் பாருங்கள். சந்தாப் பொறியை முறைகேடான வாணிபமென இந்திய அரசு 2023 நவம்பரில் பெயர் சூட்டித் தடுத்தது. அதற்கும் முன்பே, 2021 ஒக்டோபரிலிருந்து, அட்டையிலிருந்து தொடர்ந்து கழிக்கப்படும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தல் கொடுக்கவேண்டும், அப்போதே மறுக்கவும் இடமளிக்கவேண்டும் என்று இந்திய றிசேவ் வங்கி விதித்துவிட்டது. இராமேசுவரத்து மீனவருக்குக் கிடைத்த பாதுகாப்பு மாதகலாருக்குக் கிடையாதா?

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் அறிந்து வைப்போம். சேர்ந்த வழி எவ்வளவு எளிதோ விலகும் வழியும் அவ்வளவு எளிதாக இருக்கவேண்டும் என்று அமெரிக்க ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் விதி செய்தது. கேபிள் தொலைக்காட்சி, விளம்பரத் துறைச் சங்கங்கள் நீதிமன்றம் ஓடின. விதியை ஆக்கிய நடைமுறையில் குறையுண்டு என்ற காரணத்தால் 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை நீக்கியது. நல்ல பொருளை விற்பவன், வாடிக்கையாளன் போகும் வழியைக் கண்டு இத்தனை அஞ்சுவானேன்? ஆயினும் விதி போன இரண்டு மாதத்தில், 2010ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைக் கொண்டே அமேசானிடமிருந்து மேற்கூறிய தொகை பெறப்பட்டது. புதிய வாள் கிட்டும்வரை பழைய வாளை உறையில் உறங்கவிடத் தேவையில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம்மிடம் உள்ள சட்டம்

இலங்கையிலும் பழைய வாள் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவில் தடை செய்கிறது. சந்தாப் பொறி என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. கைத்தொலைபேசித் திரைப்படம் பிறவாத காலத்துச் சட்டம் அது. ஆனால் ஏமாற்று என்ற சொல் இருக்கிறது. ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரமும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. இல்லாதது யாதெனில், ஆக்கும் மனம்.

"கம்பெனிகள் கடல் கடந்தவை, நம் கை எட்டாது" என்று கைவிரிப்பர் ஆட்சியாளர். அப்படியா? வெளிநாட்டார் வழங்கும் மின்னியற் சேவைகள் மீதும் பெறுமதி சேர் வரி விதிப்பதற்கு 2025இல் இதே பாராளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியதே! வரி வாங்கக் கடலைத் தாண்டி நீளும் கை, மக்களைக் காக்க மட்டும் ஏன் முடங்கவேண்டும்? மேலும், பணம் கழிவது எங்கே? நம் நகரத்து வங்கிகளில். அவ்வங்கிகள் கொழும்பிலுள்ள மத்திய வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ளவை. இந்திய றிசேவ் வங்கி செய்ததை நம் மத்திய வங்கி செய்யக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம். ஒரு பணிப்புரை போதும்.

"பாவிப்பவரின் கவலையீனமே காரணம்" என்று சொல்லும் அறிவாளர் சிலரும் நம்மிடையே உளர். கவலையீனம் உண்டுதான். ஆனால் வழிப்போக்கனின் கவலையீனம் வழிப்பறிக்கு அனுமதிப் பத்திரமாகாது. நிபந்தனைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு நூலளவு நீளத்தில். தமிழும் அரசகரும மொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் கூறியது. அது தனியார் கம்பெனியைக் கட்டாது என்பதை அறிவோம். ஆனால் அரசு விதி செய்யும்போது, விலகும் வழியைத் தமிழிலும் சொல் என்று விதிக்க எது தடை?

இன்றே செய்யத்தக்கவை

விதி வரும்வரை நாம் வாளாவிருக்கலாகாது. முதலாவது, தொலைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தா அழிந்துவிடும் என்ற மயக்கத்தை ஒழிக்கவேண்டும். அழியாது, பணம் போய்க்கொண்டேயிருக்கும். இரண்டாவது, சந்தா எந்த வழியாகச் சேர்க்கப்பட்டது என்பதைக் கண்டறியவேண்டும். நெட்பிளிக்ஸ் போன்ற தளத்தில் நேரே சேர்ந்திருந்தால், அத்தளத்தின் கணக்குப் பக்கத்தில், உறுப்புரிமையை இரத்துச் செய்யும் "கான்சல்" பொத்தானை அழுத்துக. கூகுள் பிளே வழியாகவோ அப்பிள் வழியாகவோ சேர்ந்திருந்தால், அவற்றின் சந்தாப் பட்டியலில் இரத்துச் செய்க. கைத்தொலைபேசிக் கம்பெனி வழியாகப் பணம் கழிகிறதானால் அக்கம்பெனியிடமே நிறுத்தச் சொல்லுக.

மூன்றாவது, இலவச மாதம் முடிய ஒரு நாளாவது முன்னதாக இதைச் செய்க. இடையில் இரத்துச் செய்தாலும், செலுத்திய பணத்துக்குரிய நாள்வரை பெரும்பாலான தளங்களிற் படம் பார்க்கலாம், நெட்பிளிக்சில் அவ்வாறே. நான்காவது, இரத்தாயிற்று என்று வரும் மின்னஞ்சலையும் திரையின் படத்தையும் காணி உறுதிபோலக் காத்து வைக்க. வழக்கில் வாயைவிடக் கடதாசியே வலிது. ஐந்தாவது, அதன் பின்னும் பணம் கழிந்தால் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுக. 1977 என்ற இலக்கத்திலும் அச்சபையை அழைக்கலாம்.

இவற்றைத் தனியே செய்ய இயலாத முதியோர் ஊர்தோறும் உளர். சனசமூக நிலையங்கள் எதற்கு இருக்கின்றன? பத்திரிகை வாசிக்க மட்டுமா? மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்த இளைஞர் நால்வர் ஒரு மேசையைப் போட்டு அமரட்டும். முதியோர் தம் வங்கிக் கூற்றுடன் வரட்டும்; வேண்டாத சந்தாக்கள் அங்கேயே, அவர்கள் கண்முன்னே, அவர்கள் விரலாலேயே இரத்தாகட்டும். முறைப்பாடுகளை அங்கேயே எழுதுக. தனியொருவர் முறைப்பாடு கோப்பில் உறங்கும். நூறு ஊர்களின் முறைப்பாடு கச்சேரியை உலுக்கும்.

அரசிடம் நாம் கேட்பவை மூன்று. சேர்ந்த வழியிலேயே, சேர்ந்த அளவு எளிதாக விலக வழி வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் கழியுமுன் தமிழிலும் அறிவித்தல் வேண்டும். நெடுங்காலம் எவரும் பாவியாத கணக்கில் பணம் கழிவது தானே நிற்கவேண்டும். மூன்றாவது கோரிக்கை ஆகாத காரியமென்று எவரும் சொல்லவேண்டாம். நீண்டகாலம் படம் பாராத உறுப்பினரைத் தொடர விருப்பமா என்று கேட்டு, பதில் வராவிடின் சந்தாவை நிறுத்துவதாக நெட்பிளிக்ஸ் கம்பெனியே 2020 மே மாதத்தில் அறிவித்தது. மௌனம் மறுப்பே என்று ஒரு கம்பெனி ஏற்கலாமென்றால், சட்டம் ஏன் ஏற்கக்கூடாது?

நாம் எவருடைய பொழுதுபோக்குக்கும் பகைவரல்லேம். படம் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். பார்த்ததற்குப் பணமும் கொடுக்கட்டும். ஆனால் உழுதவன் பணம், அவன் கை நீட்டிக் கொடுத்தாலன்றி, எவன் பெட்டிக்கும் போகலாகாது. உள்ளே அழைத்த படலையை, வெளியே போகவும் திறந்து வையுங்கள். திறக்க மறுப்பின், சட்டத்தின் கையால் திறப்பிப்போம்!