ஒரு வீடு, ஏழு குடித்தனம்

ஒண்டுக் குடித்தனத்தில் இருந்து பழகிய சகோதரிகளுக்கு நான் சொல்லப் போவது சட்டென்று புரியும். பங்களாவாசிகள் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சென்ற வாரம் வந்திருந்த என் அண்ணா பெண்ணிடம், "ஆபீசில் அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டேன். "ஒரு கிராபிக்ஸ் சில்லைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறேன், அத்தை" என்றாள். பாகப்பிரிவினை வக்கீல் வேலை போலிருக்கிறது!

கம்ப்யூட்டரில் படம் வரைந்து தள்ளுவது இந்தச் சில்லுதான். ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல பாவனைக் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும்போது, ஆளுக்கொரு சில்லு வாங்கினால் கட்டுப்படியாகுமா? 2014ல் இன்டெல் ஆராய்ச்சியாளர்கள் ஒரே சில்லில் ஏழு குடித்தனம் வைத்துக் காட்டினார்கள்.

சில்லின் அறைகளுக்கெல்லாம் மெமரிக்குப் போலவே விலாச எண் உண்டு. சில அறைகள் வெறும் படம் எழுதும் பலகை. சிலவற்றில் இருப்பதோ கட்டுப்பாட்டு விசைகள். அவற்றை ஒருவர் இஷ்டப்படி திருகினால், மற்ற ஆறு வீட்டுத் திரையும் உறைந்து போகலாம். அடுத்த வீட்டுப் படத்தை எட்டிப் பார்க்கவும் கூடும். ஆகவே, அங்கே கை வைத்தவுடன் மேற்பார்வை புரோகிராம் மறித்து, கேட்டது நியாயந்தானா என்று பார்த்து, தானே செய்து கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி மறித்தால்? 1920க்கு 1080 என்றுள்ள சாதாரணத் திரையிலேயே இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி வீட்டுக்காரம்மாள் அனுமதி வேண்டுமென்றால் சினிமா பார்த்த மாதிரிதான்! அதனால் படப் பலகையில் அவரவர் பங்கை அவரவர் விலாசத்தோடு நேராகவே இணைத்து விடுகிறார்கள். நடுவில் யாரும் வருவதில்லை.

சங்கடம் எங்கே என்றால், திறப்பதும் பூட்டுவதும் பக்கம் பக்கமாகத்தான் நடக்கும். பக்கம் என்பது சாதாரணமாக 4096 பைட். அதற்குள் ஒரே ஒரு விசை இருந்தாலும் போச்சு, பக்கம் முழுவதும் பூட்டு! அஞ்சறைப் பெட்டியில் பீரோச் சாவியைப் போட்டு வைத்தால், கடுகு எடுக்கக்கூட உங்களைத்தானே கேட்க வேண்டும்? லினக்ஸில் இதற்கு ஒரு ஜாபிதா உண்டு. எந்தெந்தப் பக்கங்களை நேராகத் திறந்து விடலாம் என்று சில்லின் டிரைவரே அதில் எழுதிக் கொடுத்துவிடும்.

அந்த ஜாபிதாவில் ஒரு பக்கம் அதிகமாகச் சேர்ந்துவிட்டதாம். அதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு தூங்கவில்லை என்றாள்.

"ஐயையோ! யாராவது எட்டிப் பார்த்துவிட்டார்களா?"

"சோதனை மெஷின்தான், அத்தை. ஏழு குடித்தனமும் நானேதான்" என்று சொல்லிவிட்டு, காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டாள்.