காலி கேலரி கை தட்டுமா?



உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. மெஸ்ஸி எந்த நாட்டுக்காரர்? "அர்ஜென்டினா!" என்று எல்லோரும் கை தூக்கிவிடுவீர்கள். ரொனால்டோவின் சட்டையில் இருக்கும் எண்? "ஏழு!" அதுவும் சரி. உங்கள் ஊர்க் கால்பந்து அணியின் கோல் கீப்பர் யார்?

இப்போது வகுப்பே அமைதியாகிவிட்டது, இல்லையா? உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் அப்பாவைக் கேட்டாலும் அவருக்கும் தெரியாது. இந்த அமைதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

நம் மாவட்டங்களில் சின்னச் சின்னக் கால்பந்து அணிகள் நிறைய உண்டு. அவற்றில் ஆடும் அண்ணன்கள் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்கள் அல்ல. பகலில் பட்டறையிலோ கடையிலோ வேலை பார்ப்பார்கள், அல்லது கல்லூரியில் படிப்பார்கள். மாலையில் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடி வருவார்கள். மாவட்ட லீக் ஆட்டம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். பெரும்பாலும் டிக்கெட்டே கிடையாது. ஆனாலும் ஓரத்தில் நிற்பவர்கள் மாற்று ஆட்டக்காரர்களும் அவர்களின் நாலு நண்பர்களும்தான்! கேலரி இருந்தால் அதில் காக்கை உட்கார்ந்திருக்கும். கோல் விழுந்தால் கை தட்ட ஆள் இல்லை.

இந்த நிலையை மாற்றலாம் என்பது என் கருத்து. அதை மாற்றுவதற்குப் பெரிய பணக்காரர் வர வேண்டியதில்லை. நீங்கள் வந்தால் போதும்!

கூட்டம் வந்தால் என்ன ஆகும்?

"நாங்கள் போய் நின்றால் பந்து தானாக கோலுக்குள் போய்விடுமா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு இங்கிலாந்தில் ஒரு விடை கிடைத்தது.

கால்பந்தில் சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு. இங்கிலாந்தில் 1888-இல் லீக் தொடங்கியது. அன்றிலிருந்து முதல்நிலை லீக்கில் ஒவ்வொரு சீசனிலும் வெளியூர் அணிகளைவிடச் சொந்த மைதான அணிகளே அதிகம் வென்று வந்தன. பிறகு கொரோனா வந்தது. 2020-21 சீசனில் பெரும்பாலான ஆட்டங்கள் ரசிகர்களே இல்லாமல் நடந்தன. மொத்தம் 380 ஆட்டங்கள். சொந்த மைதான அணிகள் வென்றவை 144. வெளியூர் அணிகள் வென்றவை 153! அந்த லீக்கின் வரலாற்றிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மைதானம் அதேதான், புல்லும் அதேதான். இல்லாமல் போனது கூட்டத்தின் குரல். அந்த சீசனில் பயண முறை, ஆட்டங்களின் நெருக்கம் என்று வேறு மாற்றங்களும் இருந்தன. இருந்தாலும், ரசிகர் குரலுக்குப் பலம் உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆசிரியராக இருந்த எனக்கு இது வியப்பாக இல்லை. ஆண்டு விழா ஒத்திகையில் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் பிள்ளை, விழா அன்று எதிரே அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கணீரென்று பேசுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

ஒரு கேப்டனின் வேண்டுகோள்

நம் நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். 2018 ஜூன் 1-ஆம் தேதி மும்பையில் இந்திய அணி சீன தைபே அணியோடு ஆடியது. 5-0 என்று இந்தியா வென்றது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டார். அதை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2,569 பேர். நாட்டின் அணிக்கே இந்தக் கதி!

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். "எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள். ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள். ஒருநாள் எங்கள் ஆட்டத்துக்கு நீங்கள் கை தட்டவும் செய்யலாம்" என்ற பொருளில், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4-ஆம் தேதி கென்யாவுடன் அடுத்த ஆட்டம். அது சேத்ரிக்கு 100-ஆவது சர்வதேச ஆட்டம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையிலும் மக்கள் எழுந்து போகவில்லை. இந்தியா 3-0 என்று வென்றது. சேத்ரி இரண்டு கோல் போட்டார்.

மூன்றே நாளில் மைதானம் நிறைந்துவிட்டது. காரணம்? ஒருவர் வாய் திறந்து அழைத்தார். நம் ஊர் அணிகள் பெரும்பாலும் அதைக்கூடச் செய்வதில்லை. எந்த நாளில், எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதே ஊருக்குத் தெரியாது. தெரியாத கல்யாணத்துக்கு யார் போவார்கள்?

89 பேர் செய்த வேலை

ஒரு தடவை கூட்டம் சேர்ப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் சேர்ப்பதுதான் கடினம். அதற்கு ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் ஒரு கதை இருக்கிறது.

பெர்லினின் ஓரத்தில் கோப்பெனிக் என்ற பகுதி. அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம். அதன் பெயருக்கு 'பழைய வனத்துறை வீட்டருகே' என்று பொருள். அதுதான் யூனியன் பெர்லின் அணியின் சொந்த மைதானம். தொழிலாளர்கள் வாழும் பகுதியில் பிறந்த அணி அது.

2003-ஆம் ஆண்டு அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது. டிசம்பர் 23 அன்று இரவு 89 ரசிகர்கள் பூட்டிக் கிடந்த மைதானத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தார்கள். (இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!) அங்கே நின்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடினார்கள். அணி அதனால் உடனே வென்றுவிடவில்லை. 2004-இல் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. 2005-இல் நான்காம் நிலைக்கே போய்விட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. அடுத்த வருடமும் வந்தார்கள். அண்டை வீட்டாரை அழைத்தார்கள், குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். பின்னாளில் அந்த ஒரு மாலைக்கு மட்டும் 28,000 பேர் கூடும் அளவுக்கு அது வளர்ந்தது!

2004-இல் அணியிடம் பணம் இல்லை. ஜெர்மனியில் இரத்தம் கொடுப்பவர்களுக்குச் சிறு தொகை தருவார்கள். ரசிகர்கள் இரத்தம் கொடுத்து, கிடைத்த தொகையை அணிக்குத் தந்தார்கள். (நம் நாட்டில் இரத்தத்துக்குப் பணம் வாங்கக் கூடாது.) 2008-இல் மைதானம் பழுதாகிவிட்டது. ரசிகர்களே சிமெண்ட் குழைத்தார்கள், கம்பி சுமந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் கூலி வாங்காமல் உழைத்தார்கள். எல்லோரும் உழைத்த நேரத்தைக் கூட்டினால் சுமார் 1,40,000 மணி நேரம்! 2009-இல் புது மைதானம் திறந்தது.

2019-இல் யூனியன் பெர்லின் முதன்முறையாக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கில் நுழைந்தது. முதல் ஆட்டத்தின்போது ரசிகர்கள் கையில் பெரிய பெரிய புகைப்படங்கள். யாருடையவை? அந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன பழைய ரசிகர்களின் படங்கள்! "தாத்தா, நம் அணி மேலே வந்துவிட்டது, பாருங்கள்" என்பது போல உயர்த்திப் பிடித்தார்கள். அன்று அணி 4-0 என்று தோற்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

"தோற்கும் அணியை ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வென்ற பிறகு வருவேன் என்பவர் விருந்துக்கு வருபவர். தோற்கும்போதும் வருபவர்தான் வீட்டுக்காரர்.

அணிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு சிட்டி என்று ஓர் அணி உண்டு. 2015-16 சீசனில் அது மூன்றாம் நிலை லீக்கில் ஆடியது. சீசன் டிக்கெட் விலையை 149 பவுண்டாகக் குறைத்தது. 18,000-க்கும் மேற்பட்ட சீசன் டிக்கெட்டுகள் விற்றன. அங்கே விலைதான் தடையாக இருந்தது. நம் ஊரில் இலவசமாக விட்டாலும் கூட்டம் இல்லை என்றால், தடை வேறு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று அணி நடத்தும் பெரியவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஆட்டம் நடக்கும் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இரண்டு ஆட்டக்காரர்கள் ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வந்து வணக்கம் சொன்னால் இன்னும் நல்லது. தான் பார்த்த அண்ணன் ஆடுகிறார் என்றால் எந்தப் பிள்ளையும் வரும்.

அடுத்து, நிழலும் குடிநீரும் கழிப்பறையும். குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இல்லாத மைதானத்துக்கு எந்த அம்மா மகளை அனுப்புவார்? பாதிக் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, கூட்டம் இல்லை என்று வருந்தக் கூடாது.

மூன்றாவது, இடைவேளையின் 15 நிமிடங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரு கோல் போஸ்டில் ஆளுக்கு ஒரு பெனால்டி உதை! எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் பந்தை எடுத்துத் தரும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு வேலை கொடுத்தால், அதைப் பார்க்க வீடே வரும்.

பெண்கள் அணிகளின் நிலை இன்னும் மோசம். தமிழக மகளிர் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. உங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரிக்கெட்டில் இப்படி நடந்திருந்தால் நம் தெருவே வெடி வெடித்திருக்கும்!

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தைகளே, இனி உங்கள் பங்கு. மாதத்துக்கு ஒரே ஓர் ஆட்டம் பாருங்கள். 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படிப்பு கெடாது. வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரோடு போங்கள். போகும்போது இன்னும் ஒரு நண்பனை அழைத்துப் போங்கள். அடுத்த மாதம் அவன் இன்னொருவனை அழைத்து வரட்டும்.

ஆட்டக்காரர்களின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டுங்கள். ஒரு பழைய அட்டையில் கோல் கணக்கை எழுதித் தூக்கிப் பிடியுங்கள். நன்றாக ஆடினால் எதிரணிக்கும் கை தட்டுங்கள். அவர்களும் ஏதோ ஓர் ஊரின் பிள்ளைகள்தான். நடுவரைத் திட்டுவதும், பாட்டில் எறிவதும் ரசிகர் வேலை இல்லை. கிளம்பும்போது உங்கள் குப்பையை நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.

"டி.வி.யில் இதைவிட நல்ல ஆட்டம் வருகிறதே?" என்பீர்கள். உண்மைதான். மெஸ்ஸியின் ஆட்டத்தைத் தாராளமாகப் பாருங்கள், ரசியுங்கள். ஆனால் நீங்கள் வீட்டில் கை தட்டுவது மெஸ்ஸிக்குக் கேட்காது. ஊர் மைதானத்தில் ஓடும் அண்ணனுக்குக் கேட்கும். டி.வி.யில் பார்க்கும்போது நீங்கள் கோடியில் ஒருவர். மைதானத்தில் ஐம்பதில் ஒருவர். உங்களுக்கு மதிப்பு எங்கே அதிகம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இன்னும் ஒன்று. சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக ஆடினார். எதிரணி மோகன் பகான். ஆட்டத்தின் ஒரே கோலை அவர்தான் போட்டார். கொல்கத்தாவே அவர் பெயரைச் சொன்னது. இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஏதோ ஒரு புழுதி மைதானத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே யாருமே பார்க்கவில்லை என்றால், ஒருநாள் சலித்துப்போய்ப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அணி கலைந்துவிடும். ஆடாத மைதானம் ரொம்ப நாள் மைதானமாக இருக்காது. முதலில் குப்பை விழும். பிறகு வண்டி நிற்கும். பிறகு கட்டடம் எழும்பும். அப்போது நீங்கள் விளையாடவும் இடம் இருக்காது.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தைப் பிடிக்கும் முதல் கை சின்னக் கையாக இருந்தால் என்ன? பின்னாலேயே பெரிய கைகள் வரும்.

இந்த வாரம் உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். "நம் ஊர் அணி எது, சார்? அடுத்த ஆட்டம் என்றைக்கு?" பதில் கிடைத்ததும் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அன்று மாலை அந்த கோல் கீப்பரின் பெயரையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்!