300-ஆ, 340-ஆ?

ஃபைனல் இயர் கெமிக்கல் மக்களே, விமான எரிபொருளுக்கான ஏ.எஸ்.டி.எம். டி1655 தர அட்டவணையைப் புரட்டியிருக்கீங்களா? அதில் ஒரு கூத்து இருக்கு. இறுதிக் கொதிநிலை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்கிறது. பக்கத்திலேயே இன்னொரு எண்: 340! பத்து சதவிகிதப் புள்ளிக்கும் அதே கதை. ஒரு இடத்தில் 205, இன்னொரு இடத்தில் 185.

அச்சுப் பிழை இல்லை. எரிபொருள் ஒண்ணுதான், சோதனைதான் வேற. முதல் எண் டி86 முறைக்கு, அடுத்தது டி2887-க்கு.

டி86 ரொம்ப சிம்பிள். 100 மில்லி எண்ணெயைக் குடுவையில ஊத்தி, நிமிஷத்துக்கு 4, 5 மில்லி வர்ற மாதிரி காய்ச்சி, ஆவியின் வெப்பநிலையைக் குறிச்சுக்கணும். சீக்கிரம் முடிஞ்சிடும். ஆனா ஹாஸ்டல் மெஸ் கதவைத் திறந்த மாதிரிதான். ரோல் நம்பர் 1-ஓட 20-ம் முண்டியடிச்சு உள்ள வந்துடும். லேசான சரக்கோடு கனமானதும் கலந்து வர்றதால ஆரம்ப வெப்பநிலை கூடுதலாகவும், கடைசி வெப்பநிலை குறைவாகவும் காட்டும். டி.பி.பி. எனும் உண்மைக் கொதிநிலை முறையில 15 தட்டுக்குச் சமமான கோபுரம், 5-க்கு 1 ரீஃப்ளக்ஸ். அங்கே வார்டன் நின்னு ஒவ்வொருத்தரா அனுப்புறார்! டி2887-ல் காய்ச்சுறதே கிடையாது. கேஸ் குரோமட்டோகிராஃப் பார்த்துக்கும், முடிவும் டி.பி.பி.-க்குக் கிட்டத்தட்ட வரும்.

இதெல்லாம் எதுக்குங்கறீங்களா? பிராஜெக்டுக்கு சிமுலேஷன் போடும்போது லேப்ல எடுத்த டி86 எண்களை டி.பி.பி. கட்டத்தில் தட்டிட்டா, சாஃப்ட்வேர் முணுமுணுக்காம ஓடும். டவர் டிசைன் மட்டும் தப்பா வரும்.

மாத்துறதுக்கு டாபர்ட் 1994-ல் தந்த வழி இருக்கு. ஓரத்துல ஆரம்பிக்காதீங்க, நடுவுல ஆரம்பிங்க. 50 சதவிகிதப் புள்ளியில் ரெண்டு முறையும் அதிகம் சண்டை போடுறதில்லை. டி86-ல் 200 டிகிரி என்றால் டி.பி.பி.-யில் சுமார் 204. அங்கிருந்து ரெண்டு பக்கமும் இடைவெளி இடைவெளியா நடக்கணும். டி86-ல் 30 சதவிகிதம் 182, 10 சதவிகிதம் 162 என்று வைங்க. 18 டிகிரி இடைவெளி 27 ஆகுது. 20 டிகிரி இடைவெளி 35.5 ஆகுது. ஆக, 10 சதவிகிதப் புள்ளி 141-க்கு இறங்கிடுச்சு. 21 டிகிரி வித்தியாசம் சார், சும்மாவா!

இதுல ஒரு கண்ணிவெடி உண்டு. சூத்திரத்தின் வழக்கமான மாறிலிகள் ஃபாரன்ஹீட்டுக்கானவை. செல்சியஸைப் போட்டா 50 சதவிகிதத்துக்கு 200 என்றே வரும், சந்தேகமே வராது. அடுத்த இடைவெளியில் 35.5-க்குப் பதில் 42 வந்து நிற்கும். டி2887 எண் கையில் இருந்தா இன்னொண்ணையும் கவனிங்க: அந்த சதவிகிதம் எடைக் கணக்கு, டி86-ன் சதவிகிதம் கொள்ளளவுக் கணக்கு. அதுக்குத் தனி மாறிலிகள் இருக்கு; இதே மாறிலிகளைப் போட்டு ஒப்பேத்தாதீங்க.