ஷோகேஸ் டீ பாட்டை இறக்குங்க... கொழுக்குமலை இலைக்கு அதுதான் வேணும்!

போடிநாயக்கனூர் டீக்கடைகளில் பாய்லர் உண்டு, துணி வடிகட்டி உண்டு, கண்ணாடி கிளாஸ் உண்டு. ஏலக்காய் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர் என்பதால், தட்டிப் போட்ட ஏலக்காய் வாசமும் சில கடைகளில் தூக்கும். டீ பாட் மட்டும் கண்ணில் படாது. டஸ்ட் டீக்கு அது தேவையும் இல்லை. கொதிநீர் பட்டதுமே சாயத்தை இறக்கிவிடும் தூள் அது.

மலைமேல் கதை வேறு. போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சூரியநெல்லி தாண்டி, ஜீப்பில் குலுங்கக் குலுங்கப் போனால் கொழுக்குமலை. சாலைதான் கேரளா வழி. இடம் நம்ம தேனி மாவட்டம். 7,000 அடிக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தின் பழைய ஃபேக்டரியில், இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் ஆர்த்தடாக்ஸ் முறையில் டீ தயாராகிறது. இலை தூளாவதில்லை, சுருளாகவே இருக்கும்.

டூர் போனவர்கள் ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி வந்து, வீட்டில் பாலில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். ‘கலரே வரலையே, ஏமாத்திட்டாங்க’ என்று பாக்கெட் அலமாரி மூலைக்குப் போய்விடும். பாவம், தப்பு இலைமேல் இல்லை. அந்தச் சுருள் விரிய இடம் வேண்டும், சூடு வேண்டும், 3, 4 நிமிடம் பொறுமையும் வேண்டும்.

டீ பாட் செய்வது அந்த வேலையைத்தான். குண்டு வயிறு இலை புரள இடம் தருகிறது. பீங்கான் சூட்டைப் பிடித்துவைக்கிறது. மூக்கின் அடியில் இருக்கும் ஓட்டைகள் இலையைத் தடுக்கின்றன. மூக்கு நுனி தாழ்ந்திருந்தால் பாட்டை நிரப்பவே முடியாது, வழிந்துவிடும். மூடியில் இருக்கும் குட்டித் துளை காற்று உள்ளே போக. அதை விரலால் மூடிக்கொண்டு ஊற்றிப் பாருங்கள், டீ தடுமாறும்.

இவ்வளவு கணக்குள்ள பாத்திரத்தைப் பூவும் தங்க விளிம்பும் இல்லாமலே அழகாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் ஈவா ஸைசல். 1906-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். பீங்கான் வேலைக்காக சோவியத் யூனியன் போன இடத்தில், ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்ததாக 1936-ல் பொய்க் குற்றச்சாட்டு. 16 மாதச் சிறை, பெரும்பகுதி தனிமையில். விடுதலையாகி வியன்னா வந்தால், 1938-ல் அங்கே நாஜிகள். தப்பித்து அதே ஆண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் வடிவமைத்த வெள்ளை வெளேர் பீங்கான் செட்டை 1946-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் கண்காட்சியாகவே வைத்தது. பூ இல்லை, கோடு இல்லை, வளைவு மட்டும்தான். ரெட் விங் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ‘டவுன் அண்ட் கன்ட்ரி’ வரிசையில், உப்புக் குடுவையும் மிளகுக் குடுவையும் தாயும் பிள்ளையும்போல ஒட்டி நிற்கும். ஒன்றேகால் வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர் கையிலிருந்து இவ்வளவு அன்பான பாத்திரங்கள்! 105 வயது வரை வாழ்ந்து, 2011-ல் மறைந்தார்.

அவருடைய டீ பாட்கள் இன்று அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றில் யாரும் டீ போட முடியாது. நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கல்யாணத்துக்கு வந்த டீ செட் விருந்தாளிக்குக்கூட ஷோகேஸை விட்டு இறங்குவதில்லை.

இந்த ஞாயிறு இறக்கிவிடலாம். நன்றாகக் கழுவி, முதலில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். கப்புக்கு ஒரு டீஸ்பூன் இலை, தட்டிய போடி ஏலக்காய் ஒன்று, கொதித்த தண்ணீர். மூடி வைத்து 4 நிமிடம். பால் வேண்டுமென்றால் கப்பில் தனியாக. பாட் இல்லாத வீட்டில் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரமும் வடிகட்டியும் போதும். சூடுதான் சீக்கிரம் இறங்கிவிடும்.